ஏரிக்கரைப் பக்கம் போன ஜீப்பு

டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, மறைக்குது என்று பின்னால் இருப்பவரிடம் தலையில் குட்டு வாங்கியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். குட்டு வாங்காதவர்களும் படிக்கலாம். ஆனால் நடுவில் நிறுத்தி, மணல் எதற்கு என்று கேட்கக் கூடாது.

எனக்குச் சண்டைப் படம்தான் பிடிக்கும். என் வயதுப் பெண்கள் மாமியார் கொடுமை, தங்கச்சி பாசம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த காலத்திலேயே நான், 'எத்தினி பைட்டு?' என்று கேட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் போவேன். மூன்றுக்குக் குறைந்தால் அது படமே இல்லை. இதனால் நான் சினிமாவைக் கரைத்துக் குடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். யார் எடுத்தது, யார் இசை என்றெல்லாம் கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். எனக்குத் தெரிந்தது, எனக்குப் பட்டது, அவ்வளவுதான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சண்டை போடுகிறவனுக்கு மூச்சு வாங்க வேண்டும். இப்போது வருகிற கதாநாயகர்கள் நாற்பது பேரை அடித்துவிட்டுச் சட்டையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். கரும்புக் கொல்லையில் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரியும். கயிற்றுப் பாலம் என்று ஒன்றைக் காட்டினால் அது அறுந்தே ஆகவேண்டும். அறுக்காமல் விட்டால் டிக்கெட்டுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். புதையல் படத்தில் குகை வரைக்கும்தான் சுவாரசியம். பெட்டியைத் திறந்து தங்கத்தைக் காட்டியதும் கல்யாண வீட்டில் பந்தி முடிந்த மாதிரி ஆகிவிடும். இப்படி இன்னும் பல இருக்கின்றன. ஆனால் வண்டியில் துரத்துகிற காட்சி வந்தால் மட்டும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சித்திக்குத் தலை சுற்றும் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பதினொரு வயது. ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்தில் சாலை மறியல் நடந்த வருடம். உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற சாலையை விட்டு கால் மைல் உள்ளே தள்ளி இருந்தது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். சினிமாவில் வருகிற மலை எல்லாம் அதுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஏன் எங்கள் ஊருக்கு வந்து சொல்லாமல் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று கோபம்கூட உண்டு.

அந்த ஆவணியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனவளே அவள்தான். அவளுக்குப் பாட்டு, எனக்குச் சண்டை. படப்பெட்டி தியாகதுருகத்துக் கொட்டகையிலிருந்து சைக்கிளில் வந்து சேரத் தாமதமானால், கூம்பு ஒலிபெருக்கியில் போட்ட பாட்டையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். அக்கா அதையும் அலுக்காமல் கேட்பாள்.

கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் வெட்டிப்போட்ட பிலிம் துண்டுகள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருந்தோம். பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, வெயிலைக் கண்ணாடியில் வாங்கித் துண்டுக்குள் விட்டால், அப்பாவின் வேட்டியில் ஒரு குதிரைக்கால் தெரியும்; ஒரு பாதி முகம் தெரியும். மூன்று பாட்டுத் துண்டுக்கு ஒரு சண்டைத் துண்டு என்பது எங்கள் இருவருக்கும் நடுவில் கணக்கு. அந்த டப்பா எங்கே போனது என்று தெரியவில்லை. மூடியைத் திறந்ததும் வருகிற புளித்த வாடை மட்டும் இப்போதும் மூக்கில் இருக்கிறது.

அந்தத் தடவை அக்காவைக் கொட்டகைக்கு அனுப்ப அம்மா ஒப்பவில்லை.

"வயித்துப் புள்ளக்காரி சண்டப்படம் பாத்தா புள்ள பயந்துக்கும்டி. போவாத."

அதனால் நான் எதிர்வீட்டுப் பெண்ணோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வேன். சொல்வதா? நடித்துக் காட்டுவேன். குதிரை நான், வில்லன் நான், உருண்டு விழுகிற பாறையும் நான். அக்கா சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் கேட்கிற கேள்விகள்தான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"ஏண்டி, வண்டி இடிச்சித் தள்ளிச்சே, தக்காளிக் கூடக்காரி, அவ இன்னா ஆனா?"

"அவளப் பத்தி எதுக்குக்கா இப்ப? ஈரோ தப்பிச்சிக்கினான் இல்ல?"

"அவ தக்காளி போச்சே. சாயங்காலம் வூட்டுக்குப் போயி இன்னா சொல்லுவா?"

அந்தப் பருவத்தில் ஒரு படம் வந்தது. கதாநாயகன் புதையல் வரைபடத்தோடு மலைக்காட்டில் ஓடுகிறான். வில்லன் ஆட்கள் ஜீப்பில் துரத்துகிறார்கள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர் நிற்கிறார். 'எந்தப் பக்கம் போனான்?' என்று கேட்கிறார்கள். கிழவர் சாவகாசமாகக் கோலைத் தூக்கித் தப்பான பக்கத்தைக் காட்டுகிறார். ஜீப்பு அந்தப் பக்கம் போய்ப் பள்ளத்தில் விழுந்து எரிகிறது. கொட்டகையில் விசில் பறந்தது. ஆம்பளைப் பக்கத்திலிருந்து மணலை அள்ளி மேலே வீசினார்கள். நானும் வீசினேன், எதிர்வீட்டுப் பெண் கண்ணில் விழுந்தது.

அக்காவிடம் அந்தக் கிழவரைத்தான் முதலில் நடித்துக் காட்டினேன். அப்பாவின் தடியைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, 'தோ, அப்படிக்கா' என்று.

அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தத் தாத்தாவ அப்புறம் காட்னாங்களா?"

"இல்ல."

"ஜீப்புல இருந்தவனெல்லாம் செத்துட்டானுவளே, அவருக்குத் தெரியுமா அது?"

"உங்கிட்ட போயிக் கதை சொன்னேன் பாரு," என்று தடியைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் மறியல் தொடங்கியது. பஸ் நின்றது. உளுந்தூர்பேட்டைக்குப் போன பால் வண்டி பாதியில் திரும்பி வந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை எல்லாம் அறுத்துக் குறுக்கே போட்டார்கள். எங்கள் அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. கைக்கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். இரண்டு உள்ளங்கையும் கொப்புளமாகத் திரும்பி வந்தான். எங்கள் ஊருக்குத் திரும்புகிற பிரிவில் இருந்த பெரிய புளியமரத்தைச் சாய்த்தது அவனும் அவன் கூட்டாளிகளும்தான். பச்சைப் புளியந்தழை நசுங்கிய வாசனை தெரு வரைக்கும் வந்தது. அந்த மரம் விழுந்ததும் அந்த இடத்தில் வெயில் வந்து நின்றது. எனக்கு அது வேறு ஊர் மாதிரி இருந்தது.

குழந்தைகளுக்கு அது திருவிழா. நிற்கிற மரத்தில் ஏறினால் அடி விழும். படுத்திருக்கிற மரத்தில் ஏறினால் யார் கேட்பது? கிளையில் உட்கார்ந்து ஆட்டினால் குதிரை. இலைக்குள் ஒளிந்தால் குகை. புளியம்பிஞ்சைக் கடித்துப் பல் கூசக் கூச அங்கேயே கிடந்தோம்.

பிறகு போலீஸ் வர ஆரம்பித்தது. பக்கத்து ஊர்களில் பையன்களை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனார்கள். வடக்கே சுட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. எங்கள் ஊர் இளவட்டங்கள் எல்லாம் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். அம்மா அண்ணனுக்குச் சோற்றுத் தூக்கைப் புல்லுக்கட்டில் மறைத்துக் கொண்டுபோவாள். ஊர்ப் பெரியவர் தெருவில் நின்று பொம்பளைகள், பிள்ளைகள் எல்லாருக்கும் சொன்னார்.

"எவன் வந்து கேட்டாலும் வழி தெரியாதுன்னு சொல்லணும். எதுனா வாயத் தொறந்தீங்க, நம்ப புள்ளைங்கதான் மாட்டும்."

வாயைத் திறக்காதே என்றுதான் அவர் சொன்னார். அதற்கு மேல் செய்தது நான்.

அன்று காலையிலேயே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, அப்பாவைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினாள். கால் முன்னால் வருகிறது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள் என்று சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது அம்மா எனக்குச் சொன்னது ஒன்றுதான்.

"பிரசவ வூட்டுல பொட்டப்புள்ளைக்கு இன்னா வேல? போ, போயி வெளையாடு."

கதவு இடுக்கில் அக்காவின் கால் மட்டும் தெரிந்தது. கொலுசைக் கழற்றியிருந்தார்கள். கொலுசு இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அவள் உயிரோடிருந்தபோது நான் கடைசியாகப் பார்த்தது அந்தக் காலைத்தான்.

அப்பா ஒருவரைச் சைக்கிளில் டவுனுக்கு அனுப்பியிருந்தார். அவர் மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். எந்த டாக்சியும் வரமாட்டேன் என்றபிறகு, மலையிலிருந்து கடுக்காய் ஏற்றி வருகிற மண்டி ஜீப்பின் டிரைவர், பிரசவம் என்றதும் வருகிறேன் என்றிருக்கிறார். பாய். அப்பாவை விடக் கொஞ்சம் மூத்தவர். இரண்டு பேருமாகப் புறப்பட்டார்கள். டவுன் எல்லையில் போலீஸ் நிறுத்தி, எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டதுமே சைக்கிள்காரரை இறக்கி உட்கார வைத்துக்கொண்டது. டிரைவர் தனியாக வந்தார். தார்ச்சாலையில் மரம் கிடந்ததால், அவருக்குப் பழக்கமில்லாத வண்டிப் பாதையில் வயலும் வரப்புமாகச் சுற்றிக்கொண்டு, எங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு ஜீப்பு. மேலே தார்ப்பாய். உள்ளே காக்கிச் சட்டை.

படுத்துக் கிடந்த புளியமரத்தின்மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் இலைக்குள் ஒளிந்துகொண்டாள். ஜீப்பு நின்றது. டிரைவர் தலையை நீட்டினார், முகமெல்லாம் வேர்வை.

"பாப்பா, ஊருக்கு எப்டிம்மா போவணும்? இந்தாண்டையா, அந்தாண்டையா?"

வலது பக்கம் போனால் ஊர். இடது பக்கம் ஏரிக்கரை. இரண்டு நாள் மழையில் ஊறிக் கிடந்தது. கரும்புத் தோட்டத்துக்குள் அண்ணன் கொப்புளக் கையோடு உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. பயமாக இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சந்தோஷமாக இருந்தது. கையில் இருந்த புளியங்குச்சியைத் தூக்கினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டேனா என்றுகூடச் சந்தேகம்.

"தோ, அப்படிக்கா."

"நல்லா இரு தாயீ," என்று சொல்லிவிட்டு இடது பக்கம் திருப்பினார்.

விசில் அடிக்கத் தெரியாது எனக்கு. எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். அவள் அடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பசிக்கிறது என்று வீட்டுக்குப் போனேன். அம்மா தெருவாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. அது அவள் குரல் மாதிரியே இல்லை. அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"ஜீப்பு ஒண்ணு வரணும்டி. ஆஸ்பத்திரிக்கு. வழியில எங்கனா பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லவில்லை. திரும்பி ஓடினேன். ஏரிக்கரையில் ஜீப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரம் பாதிக்கு மேல் சேற்றில் இருந்தது. டிரைவர் முழங்கால் சேற்றில் நின்று கையாலேயே வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஆம்பளைங்கள யார்னா கூப்டுக்கினு வாம்மா. வெரசாப் போ. புள்ளத்தாச்சி காத்துக்கினு இருக்குது."

ஓடிவந்து, ஜீப்பு ஏரிக்கரையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்பா கரும்புக்குள் போய்க் கத்தினார். போலீசாவது மண்ணாவது என்று அண்ணனும் கூட்டாளிகளும் ஓடிவந்தார்கள். தென்னமட்டையும் வைக்கோலும் போட்டுத் தூக்கி வெளியே கொண்டுவரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அக்காவை ஏற்றியபின், இருட்டுகிற நேரத்தில் டிரைவர் வந்த சேற்று வயல் பாதையை நம்ப முடியாததால் தார்ச்சாலைதான் கதி. வழியில் கிடந்த மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி நகர்த்த வேண்டியிருந்தது; தான் சாய்த்த மரத்தை அண்ணனே திரும்ப வெட்டினான். கொப்புளம் உடைந்து கோடரிப் பிடி வழுக்கியது. அவன் அழுதுகொண்டே வெட்டியதை நான் வேலி ஓரமாக நின்று பார்த்தேன்.

டவுனுக்கு இரண்டு மைல் இருக்கும்போது ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. பெண். உதிரம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அக்காவை இறக்கும்போது அவள் இல்லை.

மறுநாள் டிரைவர் பிணத்தோடு ஊருக்கு வந்தார். அவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். வேறு யார் வருவார்கள்? அக்காவை இறக்கிக் கிடத்தியதும் அப்பா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வழி தெரியாத நாயி, எதுக்குடா வண்டிய எடுத்துக்கினு வந்த? ஒரு வாய் வார்த்த யாரையும் கேக்கக் கூடாதா?"

அண்ணன் அறைந்தான். அவர் தொப்பி கீழே விழுந்தது. கூட்டத்தில் நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பு எம்மேலதாங்க," என்றார். "கேக்காம கரைமேல வுட்டுட்டேன்."

தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு போய்விட்டார். வேண்டுமென்றேதான் சுற்றினான் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பி டவுன் வரைக்கும் போனது. எங்கள் பக்கத்துப் பகை எதற்கு என்று மண்டிக்காரர் அவரை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அப்பா சாகும்வரை அந்த மண்டி இருக்கிற தெருவில் நடக்கவில்லை.

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். மரத்த வெட்னது நான்தானே என்று அண்ணன் குடிக்கும்போதெல்லாம் சொல்வான். அப்புறம் அதைச் சொல்வதற்காகவே குடித்தான். அம்மா என்னைச் சொன்னாள். 'நீ சண்டப்படக் கதைய ஆடி ஆடிக் காட்டினதுலதான் புள்ள பயந்து காலை முன்னாடி வுட்டுச்சி' என்று முதுகில் அறைந்தாள். காரணம் தப்பு. ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறு வருடம் அவர்கள் திருக்கோவிலூர்ப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பதினொரு வயதில் கையைக் காட்டினேன், சரி. பன்னிரண்டிலும் இருபதிலும் முப்பதிலும் வாயைத் திறக்காமல் இருந்தது யார்? அப்பா உயிரோடிருந்தபோது சொல்லியிருக்கலாம். அண்ணன் ஈரல் வெந்து சாகக் கிடந்தபோதாவது, 'உன் மரம் இல்லண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மன்னிப்பு கேட்க ஆள் இருக்கும்போது எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்தபோது ஆட்கள் இல்லை.

அதற்குப் பிறகு டிரைவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அக்கா மகளுக்கு அப்போது ஏழு வயது. டவுனில் தியேட்டருக்குக் கூட்டிப் போயிருந்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். தாடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"ஜீப்புல பொறந்த புள்ளயா?"

தலையாட்டினேன்.

அவள் தலையில் கையை வைத்தார். "படம் ஆரம்பிச்சிட்டாங்க, போங்க," என்றார்.

நான் போனேன். படம் நடந்த இரண்டரை மணி நேரமும், முடிந்ததும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது டோக்கன் மேசையில் வேறு ஒருவர் இருந்தார். தொழுகைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அக்கா மகளை நான்தான் வளர்த்தேன். மறியலில் கேட்டது ஓரளவுக்குக் கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் அவளுக்கு நர்சு படிப்புக்கு இடம் கிடைத்தது. இப்போது பிரசவ வார்டில் இருக்கிறாள். கால் முன்னால் வந்த குழந்தைகளைப் பத்திரமாக எடுத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது அதைச் சொல்வாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு படம். துரத்தல் வந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் மகன் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். அந்தப் படத்திலும் ஒரு முச்சந்தி, ஒரு டீக்கடைக்காரர். வில்லன் ஆட்கள் வழி கேட்க, அவர் கையை நீட்டித் தப்பான பக்கம் காட்டினார். பையன் எழுந்து உட்கார்ந்து கைதட்டினான். அக்கா மகளும் சிரித்தாள். அக்கா சிரிக்கிற மாதிரியே, வயிறு குலுங்க. சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏஞ் சித்தி, அந்த ஜீப்புக்காரர் மட்டும் யாரையாவது வழி கேட்டிருந்தா, எங்கம்மா இருந்திருக்கும் இல்ல?"

பையன் என் முகத்தைப் பார்த்தான். டிவியில் வண்டி எரிந்துகொண்டிருந்தது.

"ஆமாங்கண்ணு," என்றேன். "கேட்டிருக்கணும்."